கண் அறுவை ஏன் ஒத்திவைக்கப்படுகிறது?

அறந்தாங்கியிலிருந்தோ மணமேல்குடியிலிருந்தோ விடியற்காலைப் பேருந்தில் வந்து சேர்ந்த பின், "இன்று அறுவை இல்லை" என்று கேட்க நேர்வது வருத்தம் தருவதே. துணைக்கு வந்தவரின் ஒரு நாள் கூலியும் போய்விடுகிறது. ஆயினும் இம்முடிவு பெரும்பாலும் ஓர் அச்சத்தினால் எடுக்கப்படுவது: கண்ணுக்குள் கிருமி புகுந்துவிடக் கூடாது. 2008-ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்ட முகாமொன்றிலிருந்து பெரம்பலூருக்கு அழைத்துச் செல்லப்பட்டுக் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுள் 66 பேர் தொற்றினால் பார்வை இழந்தனர். கருவிகளின் தூய்மையில் சிறு ஐயம் எழுந்தாலும் அன்றைய அறுவைகள் அனைத்தையும் நிறுத்திவிடுவதே முறை.

நோயாளியின் உடலிலும் கிருமி ஒளிந்திருக்கலாம். அறுவைக்கு முன் கண்ணின் உள்மூலையிலுள்ள சிறு துளை வழியே உப்புநீர் செலுத்திப் பார்ப்பார்கள். பாதை சீராக இருந்தால் தொண்டையில் உப்புச்சுவை தெரியும். அடைப்பிருந்தால் நீர் திரும்பி வழியும். சிலருக்குச் சீழும் வரும். நாற்பது வயதைக் கடந்த பெண்களிடம் இது மிகுதி. சீழ் இருப்பின் முதலில் கண்ணீர்ப்பைக்குச் சிகிச்சை. சில வாரங்கள் கழித்தே கண்புரைக்கு அறுவை. மெட்ராஸ் ஐ, காய்ச்சல், சொத்தைப் பல்லில் சீழ், சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். சர்க்கரை கட்டுப்படாத உடலில் தொற்று எளிதில் பற்றும்.

இரத்த அழுத்தத்தின் கதை வேறு. அது மிகுந்திருந்தால் அறுவையின்போது கண்ணுக்குள் குருதி கசியக்கூடும். 180/110-ஐத் தாண்டினால் பல மருத்துவமனைகளில் ஒத்திவைப்பார்கள். அறுவை நாளன்று தாமாகவே மாத்திரையை விட்டுவிட்டு வருவோர் பலர். எந்த மாத்திரையை உண்பது, எதை நிறுத்துவது என்பதை முன்னரே கேட்டறிய வேண்டும். இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மருந்தை ஒருபோதும் தாமாக நிறுத்தலாகாது. சிறுநீர்த் தடைக்கு டாம்சுலோசின் உண்பவர்கள் அதைக் கட்டாயம் கூற வேண்டும். அது கண்ணின் கருவிழித்திரையைத் தளரச் செய்வதால் மருத்துவர் முன்னேற்பாடு செய்துகொள்வார். அடக்க இயலாத இருமலும் தடையே. நுண்ணோக்கியின் கீழ்த் தலை அசையாமல் படுத்திருக்க வேண்டுமே!

இரண்டு மூன்று வாரத் தாமதத்தால் சாதாரணக் கண்புரைக்குக் கேடு நேராது. ஆனால் காத்திருக்கும் நாள்களில் கண் சிவந்து, கடும் வலியும் தலைவலியும் வாந்தியும் வந்தால், முற்றிய புரையால் கண்ணழுத்தம் உயர்ந்திருக்கலாம். அப்போது குறித்த தேதியைப் பாராமல், இரவானாலும் உடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.