தையல் விழுவது ஊசி ஏறும்போது

துணி தைத்துப் பழகிய கை, ஷூ தைக்கும் மெஷினில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்துக்குள் மானம் போய்விடும். எனக்குப் போனது. ஆம்பூர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. மாஸ்டர் ஒரு வெட்டுத் தோல் துண்டைக் கொடுத்து, நேராக ஒரு கோடு தைக்கச் சொன்னார். ஐந்தாறு தையலுக்கு ஒன்று விழவே இல்லை. அந்த இடங்களில் நூல் பிடிப்பில்லாமல் நீளமாகப் படுத்துக் கிடந்தது. அதே மெஷினில் ஒரு பழைய சட்டைத் துணியை வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஒரு தையலும் தவறவில்லை.

"மெஷின் இன்னும் துணி நெனப்புலயே இருக்கு தம்பி. தோலுக்குப் பழக்கணும்" என்றார் மாஸ்டர்.

கையால் செய்யும் ஷூவுக்கு மெஷின் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 'ஹேண்ட்மேட்' என்று விற்கிற ஷூக்களில் பெரும்பாலானவற்றின் மேல்பாகம், அதாவது அப்பர், மெஷினில் தைத்ததுதான். ஓரம் சீவுவதும் மெஷின்தான். அப்பரைக் கட்டையில் இழுத்துப் பூட்டுவது, அடிப்பாகம் தைப்பது, மெருகேற்றுவது ஆகியவற்றில் எவ்வளவு கைவேலை என்பது பட்டறைக்குப் பட்டறை மாறும். ஆனால் அந்த மெஷின்களில் எதுவும் சுவிட்சைப் போட்டதும் வேலை செய்துவிடாது. தோல் மாறினால், நூல் மாறினால், ஊசி மாறினால் ஒவ்வொரு திருகையும் மறுபடி தொட வேண்டும். கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை அங்கேதான் இருக்கிறது.

தவறிப்போன அந்தத் தையலையே எடுத்துக்கொள்வோம். ஊசி கீழே குத்தும்போது தையல் விழுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் ஊசி கீழே போவது நூலைச் சுமந்துகொண்டு போவதற்கு மட்டும். அடிமட்டத்தைத் தொட்டுவிட்டுச் சுமார் 2 மில்லிமீட்டர் மேலே ஏறுகிற அந்தக் கணத்தில்தான் காரியம் நடக்கிறது. ஊசி ஏறுகிறது. நூலும் கூடவே ஏறப் பார்க்கிறது. ஆனால் துணியின் உராய்வு அதைப் பிடித்துக்கொள்கிறது. ஏற முடியாத நூல் பக்கவாட்டில் புடைத்து ஒரு சின்னக் கண்ணியாகிறது. ஊசியின் ஒரு பக்கம் முழுக்க நூல் பதிந்து ஓட ஒரு நீண்ட பள்ளம் இருக்கும். எதிர்ப்பக்கத்தில், கண்ணுக்குச் சற்று மேலே, சீவிவிட்டதுபோல் ஒரு சிறு குழிவு. கண்ணி அந்தக் குழிவுப் பக்கம்தான் உருவாகும். கீழே சுழன்றுகொண்டிருக்கும் கொக்கியின் கூர்முனை சரியாக அந்த நேரத்தில் வந்து கண்ணிக்குள் நுழைந்து, அதை விரித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கொள்கின்றன. தையல் விழுந்தது. இத்தனையும் ஒரு நொடியில் பல தடவை நடக்கிறது.

தோலில் என்ன ஆகிறது? குத்திய ஊசியைத் தோல் கவ்விக்கொள்கிறது. ஊசி ஏறும்போது தோலும் அதோடு ஒட்டிக்கொண்டு லேசாக எழும்புகிறது. தோலே கூட வந்துவிட்டால் நூலைப் பிடித்து நிறுத்த யாருமில்லை. கண்ணி உருவாகாது. கொக்கி வெறுங்கையோடு சுற்றிவிட்டுப் போய்விடும். நான் தைத்தபோது நடந்தது அதுதான்.

அழுத்தும் காலின் திருகை மாஸ்டர் இரண்டு சுற்று இறக்கினார். தையல் தவறுவது நின்றது. ஆனால் தோலின் மினுமினுப்பான முகத்தில் கால் அழுந்திய தடம் ரயில் பாதைபோல் விழுந்திருந்தது. தோலில் விழுந்த தடம், துணிச் சுருக்கம்போல் இஸ்திரி போட்டால் போகாது. அரைச் சுற்றுத் தளர்த்தி, தட்டைக் காலைக் கழற்றிவிட்டு உருளும் சக்கரக் காலை மாட்டினார். ஷூ அப்பர் தைக்க, தூண்மேல் மேடை வைத்ததுபோன்ற 'போஸ்ட் பெட்' மெஷினும் சக்கரக் காலும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்பது அப்போதுதான் புரிந்தது. வளைந்த அப்பரைத் தூணைச் சுற்றித் திருப்பலாம். சக்கரம் தோலைத் தேய்க்காமல் உருண்டு போகும்.

அடுத்து ஊசி. துணிக்கான ஊசிமுனை உருண்டையானது. இழைகளை விலக்கிக்கொண்டு நடுவில் புகுந்துவிடும். தோலில் விலக்குவதற்கு இடைவெளி கிடையாது. ஆகவே தோல் ஊசியின் முனை குட்டிக் கத்திபோல் வெட்டிக்கொண்டு போகும்படி தீட்டப்பட்டிருக்கும். அந்தக் கத்தி எந்தத் திசையில் வெட்டுகிறது என்பதில்தான் சூட்சுமம். தையல் கோட்டுக்குச் சாய்வாக வெட்டினால் தையல்கள் சாய்ந்து அழகாக விழும். கோட்டின் திசையிலேயே வெட்டுகிற முனையைப் போட்டு, தையலையும் மிக நெருக்கமாக வைத்தால், ஒரு வெட்டு அடுத்த வெட்டைத் தொட்டுவிடும். தபால்தலைத் தாளில் கிழிப்பதற்காகத் துளை போட்டிருப்பார்களே, அதையே நாம் ஷூவில் செய்திருப்போம். துணியில் நெருங்கிய தையல் பலம். தோலில் ஓர் அளவுக்கு மேல் அதுவே பலவீனம். தையல்காரரின் பழக்கம் தலைகீழாகிற இடம் இது.

ஊசியின் எண்ணிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 90, 100, 110 என்று போட்டிருப்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. 100ஆம் எண் ஊசி 1 மில்லிமீட்டர் தடிமன். கனமான நூலுக்காக 90ஐக் கழற்றிவிட்டு 110ஐ மாட்டினால், ஊசி ஒவ்வொரு பக்கமும் 0.1 மில்லிமீட்டர் பருத்துவிடும். கொக்கிக்கும் ஊசிக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளியே ஏறக்குறைய ஒரு காகிதத்தின் தடிமன்தான். கவனிக்காமல் ஓட்டினால் கொக்கிமுனை ஊசியை உரசும், அல்லது உடைக்கும். ஊசி மாற்றுவது இரண்டு நிமிட வேலை என்று நினைத்திருந்தேன். மாற்றுவது இரண்டு நிமிடம்தான். அதற்குப் பிறகு கைச்சக்கரத்தை மெல்லச் சுற்றி, டார்ச் அடித்து, கொக்கி வருகிற இடத்தைப் பார்ப்பதற்குக் கால் மணி நேரம்.

நூலின் இறுக்கம் இதற்கெல்லாம் பிறகு. இரண்டு நூலும் பின்னும் முடிச்சு தோலின் தடிமனுக்குள்ளேயே மறைய வேண்டும். மேல்நூல் இறுகினால் கீழ்நூல் புள்ளி புள்ளியாக மேலே தலைகாட்டும். இரண்டு அடுக்கும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கிற இடத்தில் முடிச்சு ஒளிய இடம் குறைவு. பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டு ஒரு உலுக்கு உலுக்கினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று தரைக்கு ஓடினாலும் தவறு, அசையாமல் தொங்கினாலும் தவறு. எல்லாத் தையல்காரருக்கும் தெரிந்த சோதனைதான். தோலுக்கு அது இன்னும் கறாராக வேண்டும்.

விலக்குவதற்கு இடைவெளி இல்லை என்றேன். தோல் ஏன் அப்படி? அதற்கான விடையில் ஒரு பெரிய பகுதி, ஆம்பூர் போன்ற ஷூ நகரங்களிலிருந்து நாலு மணி நேரப் பயணத்தில், சென்னை கிண்டியில் கண்டுபிடிக்கப்பட்டது. தோல் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்த ஜி.என். ராமச்சந்திரனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. கொலாஜனின் கட்டமைப்பு இன்னும் தீராத புதிர் என்று அங்கே வந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே.டி. பெர்னல் சொல்லக் கேட்டு அதில் இறங்கினார். பக்கத்து வளாகம் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். கங்காரு வாலின் தசைநாணிலிருந்து எடுத்த தூய கொலாஜன் அங்கிருந்து அவருக்குக் கிடைத்தது. அதன்மீது எக்ஸ் கதிரைச் செலுத்தி எடுத்த படங்களிலிருந்து, ராமச்சந்திரனும் சக ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் ஒரு விடையை வெளியிட்டார்கள்; அடுத்த ஆண்டே அதைத் திருத்தி மேம்படுத்தினார்கள். கொலாஜன் ஒரு முப்புரிக் கயிறு. மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன. அந்த முறுக்கின் நடுவில் இடமே இல்லாததால், ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடம்தோறும் அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின்தான் உட்கார முடியும்.

இந்தக் கயிறுகள் சேர்ந்து நுண்ணிழையாகி, நுண்ணிழைகள் சேர்ந்து நாராகி, நார்கள் எல்லாத் திசையிலும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிக்குண்டு கிடப்பதுதான் தோல். துணிக்கு ஊடும் பாவும் உண்டு. தோலுக்கு அப்படி ஒழுங்கு எதுவும் கிடையாது. தேங்காய் நாரைக் கசக்கி உருட்டியதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். முதுகுப் பக்கம் நார் நெருக்கம், வயிற்றுப் பக்கம் தளர்ச்சி. ஒரே தோலில், ஒரு பக்கம் இழுத்தால் நீளும், இன்னொரு பக்கம் இழுத்தால் நீளாது. அதனால்தான் வெட்டுகிறவர் ஒவ்வொரு பாகத்தையும் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு அச்சை வைக்கிறார். நீளாத திசை, விரல்நுனியிலிருந்து குதிகால் நோக்கிப் போக வேண்டும். மாற்றி வெட்டினால் ஷூ மூன்று மாதத்தில் படகாகிவிடும்.

ஓரம் சீவும் மெஷினை நான் வெறுத்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மடித்துத் தைக்கிற ஓரம் இரட்டைத் தடிமன் ஆகிவிடக் கூடாது என்பதற்காக, மடிப்பதற்கு முன்பு ஓரத்தை ஏறக்குறைய பாதியாக மெலிக்க வேண்டும். மணியைப் படுக்கவைத்ததுபோன்ற ஒரு வட்டக் கத்தி சுழல்கிறது. கீழே ஒரு கல் உருளை தோலைத் தள்ளிக்கொடுக்கிறது. மேலே ஒரு கால் அதை அழுத்துகிறது. காலின் உயரம் மாறினால் ஆழம் மாறும், சாய்வு மாறினால் சரிவு மாறும், உருளை கத்தியை அதிகம் நெருங்கினால் தோலையே உள்ளே இழுத்துத் தின்றுவிடும். கத்தி மழுங்கினால் மற்ற மூன்றும் சரியாக இருந்தும் பயனில்லை. மாஸ்டர் நான் சீவிய தோலைப் பார்க்கவே மாட்டார். கீழே விழுந்த சீவலைத்தான் எடுத்துப் பார்ப்பார். நாடாபோல் நீளமாக வந்திருந்தால் தலையசைப்பு. தூளாக உதிர்ந்திருந்தால், "கத்தியத் தீட்டு."

இனி கட்டை. 'லாஸ்ட்' என்று பட்டறையில் சொல்லும் கால் வடிவ அச்சு. முன்பு மரம், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். தட்டையான தோலில் தைத்த அப்பரை இதன்மேல் மாட்டி, இழுத்து, ஓரங்களை அடியில் மடித்துப் பூட்ட வேண்டும். எளிது என்று தோன்றினால் ஒரு தேங்காய்க்குக் காகிதம் சுற்றிப் பாருங்கள். குழாய்க்குச் சுற்றினால் காகிதம் ஒழுங்காகப் படியும். தேங்காயில் சுருக்கம் விழாமல் படியவே படியாது. இரண்டு திசையிலும் வளைந்த பரப்பின்மேல், நீளாத சுருங்காத தட்டைத் தாள் எதையும் படியவைக்க முடியாது என்பதை 1827இல் கணித மேதை காஸ் கணிதமாகவே நிரூபித்துவிட்டார். ஷூவின் மூக்கு ஒரு தேங்காய்தான். தோல் அங்கே படிவதற்குக் காரணம், அந்தச் சிக்குண்ட நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி இடம் மாறிக்கொள்வது. காஸ் சொன்ன விதியைத் தோல் மீறவில்லை. நடுவில் நீண்டும் ஓரத்தில் ஒடுங்கியும் விதிக்கு உட்பட்டே தப்பித்துக்கொள்கிறது. ஒடுங்காமல் மிஞ்சும் சுருக்கங்களை அடியில் தள்ளி மறைப்பதுதான் கைக்காரரின் திறமை. அவர் கையில் இருக்கும் குறட்டின் தாடையிலேயே சுத்தியல் இருக்கும். இழுப்பார், மடிப்பார், குறட்டைத் திருப்பி ஆணியை அடிப்பார், அடுத்த இழுப்பு.

ஷூ தயாரிப்பில் மெஷின்கள் கடைசியில் தொட்ட வேலைகளில் இதுவும் ஒன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள லின் நகரத்துக்கு 1870களின் பிற்பகுதியில் ஓர் இளைஞர் வந்தார். யான் எர்ன்ஸ்ட் மாட்சலிகர், 1852இல் தென்னமெரிக்காவின் சூரினாமில் பிறந்த கறுப்பினத்தவர். ஷூ ஆலையில் தையல் மெஷின் ஓட்டும் வேலை. மேல்பாகங்கள் மெஷினிலிருந்து மலைபோல் வந்து குவியும். கட்டையில் இழுப்பவர்களின் மேசையில் தேங்கி நிற்கும். கைதேர்ந்த ஒருவர் ஒரு நாளில் 50 ஜோடி முடித்தால் அதிகம். இதை மெஷினால் செய்யவே முடியாது என்பது ஊரின் பேச்சு. மாட்சலிகர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். குறடு எந்தக் கோணத்தில் பிடிக்கிறது, மணிக்கட்டு எப்போது திரும்புகிறது, மூக்கருகில் இழுப்பு எப்படிச் சிறுத்து நெருங்குகிறது என்று. பிறகு வேலை முடிந்த இரவுகளில் மரத்துண்டையும் கம்பியையும் வைத்து மாதிரிகள் செய்தார். 1883 மார்ச்சில் காப்புரிமை கிடைத்தது. அந்த மெஷின் வளர்ந்து ஒரு நாளில் 150 முதல் 700 ஜோடி வரை இழுத்துப் பூட்டியது. அவர் 1889இல், முப்பத்தாறு வயதில், காசநோயால் இறந்துபோனார். மெஷினின் லாபம் அவர் கைக்கு முழுதாக வந்து சேரவில்லை.

இன்றைய லாஸ்டிங் மெஷின்களிலும் மூக்கைச் சுற்றி வரிசையாகக் குறடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் இழுப்பையும் தனித்தனியே வைக்க வேண்டும். நடுக்குறடு பலமாக, ஓரக்குறடுகள் கொஞ்சம் பின்தங்கி. எல்லாவற்றையும் ஒரே பலத்தில் இழுக்கவிட்டால் ஏதாவது ஒரு தையல் பிரியும், அல்லது தோலின் முகம் வெடிக்கும்.

கடைசியாகச் சூடு. இழுப்பதற்கு முன்னால் நீராவி காட்டினால் தோல் இளகும். இழுத்த பிறகு சூடான காற்று காட்டினால் வடிவம் நிலைக்கும். எவ்வளவு சூடு? அதற்கு அந்தத் தோலின் பூர்வீகம் தெரிய வேண்டும். நனைந்த கொலாஜன் ஒரு வெப்பநிலையில் முறுக்கு அவிழ்ந்து சட்டென்று சுருங்கிவிடும். பதனிடாத தோலுக்கு அது 60 முதல் 65 டிகிரி செல்சியஸ். ஆவாரம் பட்டை போன்ற தாவரச் சரக்கில் பதனிட்ட தோலுக்கு 70, 80 என்ற அளவில். குரோமிய உப்பில் பதனிட்டால் 100ஐத் தாண்டும், ஏனென்றால் குரோமியம் முப்புரிக் கயிறுகளைப் பக்கவாட்டில் ஒன்றோடொன்று கட்டிவிடுகிறது. டேனரிகளில் குரோம் தோலின் துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். சுருங்காவிட்டால் பதம் சரி. இந்த வித்தியாசம் தெரியாமல், குரோம் தோலுக்கு வைத்த சூட்டில் ஆவாரம் பட்டைத் தோலை ஈரத்தோடு நுழைத்தால், வெளியே வருவது அப்பளம்.

மெஷின் சில நிமிடங்களில் செய்கிற இந்த நிலைப்படுத்தலைக் கைப்பட்டறை நாட்களில் செய்கிறது. கட்டையில் பூட்டிய ஷூவை ஒரு வாரம், சில இடங்களில் அதற்கும் மேலே, அலமாரியில் அப்படியே விட்டுவிடுவார்கள். ஈரம் மெல்ல வெளியேறும். இழுபட்டு நின்ற நார்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து புதிய இடத்தில் படுத்துக்கொள்ளும். எட்டாம் நாள் கட்டையைக் கழற்றும்போது தோலுக்குத் தன் பழைய தட்டை வடிவம் மறந்திருக்கும்.

மாஸ்டரின் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி தொங்கும். அதில் கோர்த்த தோல் துண்டுகள் நூறாவது இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு விரல் நீளத்துக்கு ஒரு தையல் கோடு, பின்பக்கம் பேனாவில் ஊசி எண், நூல், தையல் நீளம், எந்த லாட். நான் போன மூன்றாவது வாரம் ஒரு புது லாட் வந்தது. அதே நிறம், அதே டேனரி, அதே தடிமன். போன லாட்டுக்கு வைத்த அளவிலேயே ஓட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மாஸ்டர் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி, இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்த்து, என் முன்னால் போட்டார்.

முதல் பத்துத் தையலில் இரண்டு விழவில்லை.