மகப்பேற்று வலியை இயற்கை முறையில் தணித்தல்

மகப்பேற்று வலியை இயற்கை முறையில் தணித்தல் என்பது மருந்தோ ஊசியோ இன்றி, பிரசவ வேளையில் தாய் உணரும் வலியைத் தாங்கத்தக்க அளவுக்குக் குறைக்கும் வழிகளைக் குறிக்கும். இவை வலியை அடியோடு நீக்குவதில்லை. நீக்கிவிடும் என்று சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டியதில்லை.

வலியும் அச்சமும்

கருப்பை விட்டுவிட்டுச் சுருங்குவதும், கருப்பை வாய் சுமார் 10 செ.மீ. வரை விரிவதும் வலிக்கு முதன்மைக் காரணங்கள். அச்சம் இதைப் பெருக்குகிறது. பயந்தால் தசைகள் இறுகும். இறுகினால் வலி கூடும். வலி கூடினால் பயமும் கூடும். இந்தச் சுழற்சியை இங்கிலாந்து மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1930களில் விளக்கினார். பிரெஞ்சு மருத்துவர் பெர்னாண்ட் லமாஸ் 1951இல் சோவியத் ஒன்றியத்தில் கண்ட முறையைக் கொண்டு மூச்சுப் பயிற்சியைப் பரப்பினார். வலி எழும்போது மூச்சை அடக்காமல் மெதுவாக இழுத்து விடுவதே அதன் சாரம்.

உடனிருக்கும் துணை

வீட்டில் பிரசவம் நடந்த காலத்தில் தாயோ அத்தையோ மருத்துவச்சியோ பக்கத்திலேயே இருந்தனர். மருத்துவமனைப் பிரசவம் எத்தனையோ தாய்மார்களின் உயிரைக் காத்தது. ஆனால் உறவினர் கதவுக்கு வெளியே நிற்க, பெண் உள்ளே தனியாக வலியைத் தாங்க வேண்டியதாயிற்று. இது சிறு இழப்பன்று. 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான மதிப்பாய்வின்படி, இடைவிடாத துணை பெற்றவர்களுக்குப் பிரசவ நேரம் குறைந்தது. அறுவைச் சிகிச்சையும் வலி மருந்தின் தேவையும் குறைந்தன. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைத் திட்டம் 2004இலேயே அறிமுகமானது. உலக நலவாழ்வு அமைப்பின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரைகளும் தாய் விரும்பும் ஒருவர் உடனிருப்பதை வலியுறுத்துகின்றன. துணைவர் மருத்துவம் அறிந்திருக்க வேண்டியதில்லை. கையைப் பிடித்துக்கொள்வது, தண்ணீர் கொடுப்பது, "ஒவ்வொரு வலியும் வந்து போய்விடும்" என்று நினைவூட்டுவது போதும்.

தொடுதலும் அசைவும்

அடிமுதுகை உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பதும் வெந்நீர் ஒத்தடமும் நம் வீடுகளில் பழகியவையே. தொடுவுணர்வு தண்டுவடத்தில் வலிச் செய்திக்குக் குறுக்கே நிற்கிறது என்ற 'வாயில் கோட்பாட்டை' மெல்சாக், வால் ஆகியோர் 1965இல் முன்வைத்தனர். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் உடனே தேய்ப்பதும் இதனால்தான்.

மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய இரத்தக் குழாய்களை அழுத்துகிறது. எனவே நடப்பது, உட்கார்ந்து முன்னே சாய்வது, ஒருக்களித்துப் படுப்பது ஆகியவை நல்லவை. வலியை வரவழைக்க விளக்கெண்ணெய் குடிப்பது இவற்றில் சேராது. அது வாந்தியும் பேதியும் உண்டாக்கித் தாயைச் சோர்வடையச் செய்யும்.

எச்சரிக்கை

தாங்க முடியாதபோது வலி மருந்து கேட்பது தாயின் உரிமை. அதைப் பலவீனமாகக் கருதுவது தவறு. இரத்தப்போக்கு, பச்சை நிறப் பனிக்குட நீர், குழந்தையின் அசைவு குறைதல், கடும் தலைவலி, பார்வை மங்கல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் வீட்டு முறைகளில் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்சை அழைக்கலாம்.