பிள்ளையைத் தேடிச் சென்ற பள்ளிக்கூடம்

உபாத்தியாயத் தொழிலில் வெகு காலம் கழித்தவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழகிப் போயிருக்கும். பள்ளிக்கூடம் திறக்கும் தினத்தன்று ஒரு தாய் தன் மகனை ஹாஸ்டல் வாசலில் விட்டுவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடப்பாள். பையனோ அழக்கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பான். "கல்வி வேண்டுமானால் பிரிவைச் சகிக்கத்தான் வேண்டும், அம்மா!" என்று நாமும் எத்தனையோ பேருக்குத் தேறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறோம். இது அவ்வளவு நிச்சயமான உண்மைதானா என்ற சந்தேகம், கனடா தேசத்து ஆதிகுடிகளின் சில கிராமங்களைப் பற்றி அறிந்தபோது நமக்கு உண்டாயிற்று.

ஒண்டாரியோ மாகாணத்தின் வட பாகத்தில், காடுகளுக்கும் ஏரிகளுக்கும் இடையே கிரீ, ஓஜி-கிரீ முதலிய ஜனங்களின் சிறு கிராமங்கள் இருக்கின்றன. அவற்றுள் பலவற்றுக்கு வருஷம் முழுவதும் செல்லக்கூடிய ரஸ்தா கிடையாது. ஆகாய விமானத்தில்தான் போகவேண்டும். மாரிக்காலத்தில் ஏரிகள் உறைந்த பிறகு பனிக்கட்டியின் மேல் லாரிகள் ஓடும். இத்தகைய கிராமங்களில் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க விரும்பிய பிள்ளை, பதினான்கு வயதில் விமானமேறி, நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலுள்ள பட்டணத்தில் அந்நியர் வீட்டில் தங்கவேண்டியதாயிற்று.

பள்ளிக்கூடம் என்ற சொல்லே அந்த ஜனங்களுக்குக் கசப்பான சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி 1990-களின் நடுப்பகுதி வரை, கனடா சர்க்காரும் கிறிஸ்தவ சபைகளும் நடத்திய விடுதிப் பள்ளிகளுக்கு ஏறக்குறைய 1,50,000 ஆதிகுடிக் குழந்தைகள் கொண்டு போகப்பட்டார்கள். தாய்மொழியில் பேசியதற்காக அங்கே தண்டனை பெற்றவர்கள் பலர். வீடு திரும்பாமலே மாண்டவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. 2008-ஆம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி அந்நாட்டுப் பிரதம மந்திரி பார்லிமெண்டில் இதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

இவ்வளவு பட்ட ஜனங்கள் கம்ப்யூட்டரை எப்படி வரவேற்றார்கள் என்பதுதான் சுவாரஸ்யமான விஷயம். ஆறு கிராமங்களின் தலைவர்கள் கூடிய 'கீவேடினுக் ஓகிமாகானக்' என்ற சபை 1994-இல் 'கே-நெட்' என்ற ஏற்பாட்டை ஆரம்பித்தது. பட்டணத்தில் படிக்கும் பிள்ளைகள் வீட்டாரோடு செய்தி பரிமாறிக்கொள்ளவேண்டும் என்பது அதன் முதல் நோக்கங்களில் ஒன்று. ஊர் முழுவதற்கும் ஒரே பொது டெலிபோன் இருந்த கிராமங்களும் அக்காலத்தில் உண்டு என்பதை நினைத்தால், இதன் அருமை விளங்கும்.

பிறகு கிராமந்தோறும் ஒரு கம்ப்யூட்டர் நிலையம் ஏற்பட்டது. அதைக் கவனித்துக்கொண்டவர்கள் அந்தந்த ஊர்க்காரர்களே. கம்பியையும் கருவியையும் பழுது பார்க்கவும் உள்ளூர் வாலிபர்களைப் பழக்கினார்கள். பனிக்காலத்தில் ஒரு பெட்டி கெட்டுப்போனால் பட்டணத்திலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க முடியுமா?

இளைஞர்கள் கற்றுக்கொண்ட விதம் நம்மைப் போன்ற உபாத்தியாயர்களைச் சற்று வெட்கப்பட வைக்கும். ஒவ்வொருவரும் இண்டர்நெட்டில் தமக்கென ஒரு பக்கம் வைத்துக்கொள்ள கே-நெட் இடம் அளித்தது. பக்கத்தை அமைப்பதற்குரிய குறியீட்டு மொழியை அண்ணன் தம்பிக்கும் தோழி தோழிக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சையும் இல்லை; பிரம்பும் இல்லை. அடுத்த கிராமத்திலுள்ள அத்தை மகனுக்குத் தன் சமாசாரம் தெரியவேண்டும் என்ற ஆசை ஒன்றே போதுமாயிருந்தது. அவ்விதம் 20,000-க்கும் மேற்பட்ட பக்கங்கள் ஒரு காலத்தில் இருந்தன. 1999-இல் கிரீ பாஷையின் அசையெழுத்துக்கள் யூனிகோட் என்ற சர்வதேச எழுத்து முறையில் இடம் பெற்றன. பாட்டனார் பேசியதற்காக அடிபட்ட பாஷையைப் பேரன் கம்ப்யூட்டரில் எழுத வழி பிறந்தது.

2000-ஆம் ஆண்டை ஒட்டி, அதே சபை இண்டர்நெட் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கியது. அதன் முறை எளிது. ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு வகுப்பறை. அதில் ஓர் உபாத்தியாயர். ஓர் ஊரில் இருப்பவர் கணிதம் போதித்தால், மற்ற ஊர்ப் பிள்ளைகளும் இண்டர்நெட் வழியே அவரிடம் கணிதம் கற்பார்கள். வேறோர் ஊரில் இருப்பவர் விஞ்ஞானம் போதிப்பார். பாடம் எங்கிருந்து வந்தாலும், "ஏனப்பா நேற்று வரவில்லை?" என்று கேட்பதற்கு அருகில் ஒருவர் இருக்கிறார். சாயங்காலம் பிள்ளை தன் வீட்டுக்குப் போய் தாயார் கையால் சாப்பிடுகிறான்.

இதனால் எல்லாத் துன்பமும் தீர்ந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. இந்தப் பள்ளி எட்டாத கிராமங்கள் பல. 2000 முதல் 2011 வரை, வட கிராமங்களிலிருந்து தண்டர் பே நகரத்துக்குப் படிக்க வந்த ஏழு இளம் மாணவர்கள் மாண்டுபோனார்கள். அவர்களில் ஐவரின் உடல்கள் ஆறுகளில் கிடைத்தன. அதைப் பற்றிய விசாரணை 2016-இல் 145 சிபாரிசுகளோடு முடிந்தது. அந்தப் பிள்ளைகள் செய்த குற்றந்தான் என்ன? படிக்க விரும்பியது ஒன்றே.

கம்ப்யூட்டரை ஒரு கிராமத்துக்குக் கொண்டு போவது சிரமமான காரியமல்ல. அது போன பிறகு அதன் சாவி யார் கையில் இருக்கிறது, அதைக் கற்பிப்பவர் யார், அதன் பயனாகப் பிள்ளை வீட்டில் தங்குகிறானா அல்லது வீட்டை விட்டுப் போகிறானா என்பவையே கேட்கத் தக்க கேள்விகள். அந்த ஆறு கிராமங்களின் தலைவர்கள் இவற்றை முதலிலேயே கேட்டார்கள்.

அடுத்த முறை ஹாஸ்டல் வாசலில் ஒரு தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது, நமது வழக்கமான தேறுதல் வார்த்தை அவ்வளவு சுலபமாக நாவில் வராது.