உதைத்தும் அசையாத ஹோண்டா கப்

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பின்புறத்திலும் ஒரு பழைய ஹோண்டா கப் முடங்கிக் கிடக்கலாம். 1958இல் ஜப்பானில் அறிமுகமான வண்டி இது. என் தாத்தாவின் கப் 15 ஆண்டுகள் கொட்டகையில் நின்றது. ஸ்பார்க் பிளக்கும் கார்புரேட்டரும் காணவில்லை. கிக்கர் அசையவே இல்லை.

காரணம் அந்தப் பிளக் துளைதான். அதன் வழியே ஈரக்காற்று வார்ப்பிரும்புச் சிலிண்டருக்குள் புகுந்துவிட்டது. துரு, தான் உருவான இரும்பைவிட இரு மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடிக்கும். அதனால் பிஸ்டன் வளையங்கள் இறுகிக்கொண்டன. ஓங்கி மிதித்தால் அவை உடைந்துவிடும். (என் தம்பி மிதிக்கத்தான் பார்த்தான்!) துளையில் துரு தளர்த்தும் எண்ணெய் ஊற்றி நான்கு நாள் காத்திருந்தோம். நுண்புழை விளைவால் எண்ணெய் தானே இடுக்குகளில் ஊடுருவியது. பிறகு ஸ்பானரால் முன்னும் பின்னும் மெல்லத் திருப்ப, பிஸ்டன் நகர்ந்தது.

டாங்கியில் பிசினாகிப்போன பெட்ரோலையும் அகற்றினோம்.

அடுத்து கார்புரேட்டர். 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். முதலில் மாட்டியது பெரிய எஞ்சினுக்கானது. அதன் ஜெட் துளை பெரிது. பெட்ரோல் மிகுந்து, புதுப் பிளக் கரி படிந்து கறுத்தது. 70 சிசிக்கு உரியதை மாட்டியதும், மூன்றாம் உதையில் எஞ்சின் கிளம்பியது. உள்ளே மிஞ்சிய எண்ணெய் எரிந்து, கொட்டகை முழுக்க வெண்புகை!