இருளர்கள் எடுக்கும் பாம்பு விஷம்... 2030 இலக்குக்கு என்ன தொடர்பு?

மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி பக்கம் வாழும் இருளர் பழங்குடியினர் பலருக்குக் கூலி வேலைதான் வழி. ஆனால், இதே சமூகம் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் சொந்தமா ஒரு தொழிலை நடத்துது.

எப்படி வந்தது?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் முடங்கியது. வருமானம் போனது. ரோமுலஸ் விட்டேகர் துணையுடன் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது.

என்ன வேலை?

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுடுறாங்க. அந்த விஷத்தில்தான் விஷமுறிவு மருந்து தயாராகிறது.

2030 எதுக்கு?

பாம்புக்கடி மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. மருந்து இல்லாமல் அது நடக்காது.

சிக்கல் எங்கே?

2023-ல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையனுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால், எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை முடிவு செய்வது வனத்துறை அனுமதி. அது தாமதமானால், சங்கத்துக்கு வேலையும் இல்லை, உறுப்பினர்களுக்கு வருமானமும் இல்லை.