மொட்டை மாடியில் ஒரு பீட்ரூட் கணக்கு

பி.காம். படித்தவன் வீட்டில் பீட்ரூட் வளர்த்தால் என்ன ஆகும்? முதலில் ஒரு நோட்டு வாங்குவான். பற்று, வரவு என்று நடுவில் கோடு போடுவான். அப்புறம்தான் மண்ணைப் பற்றி யோசிப்பான்.

நான் அப்படித்தான் செய்தேன்.

ஆரம்பித்து வைத்தது ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று மனைவி நான்கு மாசமாகச் சொல்லிக் கொண்டிருந்தாள். (நான் நான்காவது மாசம்தான் காதில் வாங்கினேன்.) ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாதாம். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். எதிர்வீட்டு மாமி ஃபீஸ் வாங்காமல் ஒரு வைத்தியம் சொன்னார்.

"தினம் ஒரு பீட்ரூட் கொடுங்கோ. ரத்தம் குபுகுபுன்னு ஊறும்!"

மொட்டை மாடி சும்மாதானே கிடக்கிறது? விதைக் கடைக்குப் போனேன். பீட்ரூட் என்றால் ஒரே பீட்ரூட்தான் என்று நினைத்திருந்தவனுக்கு அங்கே தலை சுற்றியது. புடவைக் கடை மாதிரி எடுத்துப் போட்டார்கள். மஞ்சளில் ஒன்று, பெயர் 'கோல்டன்'. இத்தாலியில் வெனிஸ் பக்கத்து ஊரின் பெயரில் 'கியோஜா'. குறுக்கே வெட்டினால் சிவப்பும் வெள்ளையுமாக வளையம் வளையமாக, கோலம் போட்ட மாதிரி இருக்கும். முருங்கைக்காய்க்குத் தம்பி மாதிரி நீளமாக 'சிலிண்ட்ரா'. நம்ம ஊர் வேளாண் பல்கலைக்கழகத்து 'ஊட்டி 1'.

படத்தைப் பார்த்து, அழகாக இருந்த நான்கையும் வாங்கினேன். அது மாசி மாசம். விதைத்தேன்.

வைகாசியில் அறுவடை. மொத்தம் நான்கு கிழங்கு. கோலிக்குண்டுக்கும் எலுமிச்சைக்கும் நடுவில் ஒரு சைஸ். மற்றதெல்லாம் வெறும் எலிவால். மனைவி நோட்டை வாங்கிப் பார்த்து ஒரு வகுத்தல் போட்டாள்.

"ஏங்க... ஒரு கிழங்கு நூத்தி அறுபது ரூபா ஆகுதே. இதை நறுக்கறதா, லாக்கர்ல வெக்கறதா?"

ஐப்பசியில் மறுபடி பரிசோதனை. 9.1. டாக்டரிடம் என் விவசாயத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், பீட்ரூட் சிவப்பா இருக்கிறது பீட்டலெய்ன்னு ஒரு சாயத்தால. ரத்தம் சிவப்பா இருக்கிறது இரும்பைச் சுமக்கிற ஹீமோகுளோபினால. ரெண்டுக்கும் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. சிவப்புதான் கணக்குன்னா செங்கல்லைக்கூடச் சாப்பிடலாமே!"

நூறு கிராம் கிழங்கில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாதாம். ஃபோலேட் இருக்கிறது; அதுவும் ரத்தத்துக்கு வேண்டியதுதான். இரும்பு வேண்டுமென்றால் நாம் தூக்கி எறிகிற கீரையில்தான் கிழங்கைவிட அதிகம். ஆனால் கீரையில் உள்ள அந்த இரும்பும் முழுசாக உடம்பில் சேராது.

"அதனால மாத்திரைக்குப் பதிலா இல்லை, மாத்திரையோட கூட. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு சாப்பிடட்டும். சாப்பிட்ட கையோட காபி வேண்டாம்."

தீபாவளிக்கு மாமனார் வந்தார். உடுமலைப்பேட்டைப் பக்கம் காடு. இரண்டு ஏக்கரில் பீட்ரூட் போட்டு எடுத்தவர். மாடியில் என் காலி பாக்கெட்டுகளைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங் மாப்ளே, இந்த ஊட்டி ரகம் மலைக் குளிருக்குன்னு வந்ததுங்க. முழுசா நாலு மாசம் வேணும். மெட்ராஸ்ல மாசி மாசம் போட்டா, அது கெழங்கு வெக்குமா, உசுரைக் காப்பாத்திக்குமா?"

நான் தலையைச் சொறிந்தேன்.

"வெதை வாங்கறதுக்கு முன்னால மூணு கேள்வி கேக்கோணுமுங்க. எந்த மாசம் போடறோம்? மண்ணு எத்தனை ஆழம்? திங்கறது யாரு?"

"முதல் ரெண்டும் புரியுது மாமா. மூணாவது எதுக்கு?"

"திங்கறவீங்க யாருன்னு தெரிஞ்சாத்தானுங்க, கெழங்குக்குப் போடறதா, கீரைக்குப் போடறதான்னு தெரியும்?"

நோட்டில் எழுதிக் கொண்டேன். (மூன்றாவதின் முழு அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.)

முதல் கேள்வி, மாசம். பீட்ரூட் குளிர்காலப் பயிர். 18-லிருந்து 21 டிகிரி வரை அதற்கு ரொம்ப இஷ்டம். சமவெளியில் ஆகஸ்டிலிருந்து நவம்பருக்குள் விதைக்க வேண்டும். வெயில் ஏறினால் கிழங்கு சிறுத்துப் போகும். வெட்டினால் உள்ளே வெளுத்த வளையங்கள் தெரியும். நம் சென்னையில் ஐப்பசி அடைமழையில் விதை மிதந்தே போய்விடும் என்பதால், மழை சற்று ஓய்ந்த நவம்பர் இரண்டாவது வாரத்தைப் பிடித்தேன்.

இரண்டாவது, ஆழம். ஒரு அடி ஆழத் தொட்டிக்கு உருண்டை ரகம் போதும். சிலிண்ட்ரா மாதிரி நீள ரகத்துக்கு மண் ஆழமாகவும் பொலபொலவென்றும் வேண்டும். செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் கலந்து நிரப்பினேன்.

இப்படிக் கழித்துக் கட்டியதில் மிஞ்சியது இரண்டு ரகம். ஒன்று 'டெட்ராய்ட் டார்க் ரெட்'. 1892-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இன்றைக்கும் மவுசு குறையவில்லை. உருண்டை, உள்ளேயும் வெளியேயும் ஒரே கருஞ்சிவப்பு. எண்பது நாளுக்கு மேல் ஆகும். இன்னொன்று 'கிராஸ்பி எஜிப்ஷியன்'. தட்டையாக, அவசரக்காரனாக இரண்டு மாசத்தில் வந்துவிடும்; ஆனால் வெயில் பட்டால் வெள்ளை வளையம் காட்டும். சேமிப்பை ஒரே பாங்கில் போடக் கூடாது என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்களே! இரண்டையும் பாதிப் பாதி போட்டேன்.

இரவு முழுக்க ஊற வைத்து, நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக நாற்பது விதை ஊன்றினேன். முளைத்ததோ எண்பதுக்கு மேல்! நூறு சதவீத லாபம் என்று மாமனாருக்கு போன் போட்டேன்.

"அது வெதையல்லங்க மாப்ளே, வெதை மூட்டை. ஒண்ணுக்குள்ள ரெண்டு மூணு வெதை இருக்குமுங்க. நல்லதா ஒண்ணை உட்டுப்போட்டு மிச்சத்தைக் கலைச்சு உடுங்க. பாவம் பாத்தா ஒண்ணும் தேறாது."

நான் பாவம் பார்க்கவில்லை. பிடுங்கிய குட்டிச் செடிகள் அன்றைக்கே பருப்பில் விழுந்தன. நாற்பது நாள் ஆனதும் செடிக்கு இரண்டு என்று வெளி இலைகளை மட்டும் கிள்ளிக் கீரை. பொங்கலுக்கு கிராஸ்பி, பதினான்கு கிழங்கு. பிப்ரவரி முதல் வாரம் டெட்ராய்ட், பதினாறு. மொத்தம் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கடையில் வாங்கியிருந்தால் இதில் கால்வாசிப் பணம்கூட ஆகியிருக்காது; அதை நோட்டில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறேன். கிராஸ்பி சீக்கிரம் வந்து மானத்தைக் காப்பாற்றியது. டெட்ராய்ட் எடையிலும் நிறத்திலும் ஜெயித்தது.

(இடையில் ஒருநாள் காலை நான் பாத்ரூமிலிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்த கதையும் உண்டு. முதல்நாள் பீட்ரூட் சாப்பிட்ட சிலருக்கு அப்படி ரோஸ் கலரில் போவது சகஜமாம். பயப்படாதீர்கள்.)

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

கணக்கு என்றால் வரவு மட்டும் போதுமா? செலவும் எழுத வேண்டாமா? அதனால் பொரியலோ கீரையோ செய்கிற நாளெல்லாம், யார் எத்தனை கரண்டி என்று நோட்டில் போட்டுக்கொண்டே வந்தேன். பதினொரு நாள் கணக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டினேன்.

நான் 21. என் அம்மா 11. பையன் 12. பெண் 9. மனைவி... கட்டம் காலி.

எழுத மறந்து விட்டேனோ என்று உள்ளே போய்க் கேட்டேன். "உன் பேர்ல ஒண்ணுமே இல்லையே?"

பாத்திரம் தேய்த்துக் கொண்டே திரும்பாமல் சொன்னாள்: "எல்லாரும் சாப்பிட்டப்புறம் சட்டியில என்ன இருக்கோ அதுதான் என் பங்கு. உங்க நோட்டுல 'சட்டி'ன்னு ஒரு கட்டம் இருக்கா?"

இல்லை.

"மாத்திரையாவது சாப்பிடறியா?"

"வயித்தைப் புரட்டுச்சு. நிறுத்திட்டேன்."

"எப்போ?"

"ரெண்டாவது வாரம்."

"எங்கிட்ட சொல்லலையே?"

"சொன்னேனே... நீங்க தொட்டிக்கு மண்ணு கலந்துக்கிட்டிருந்தீங்க."

என்ன பதில் சொல்வது? யாருக்கு ரத்தம் இல்லையோ அவளுக்காக என்று விதைத்து, ஊற்றி, கலைத்து, எடை போட்டு, கடைசியில் நானே இருபத்தொரு கரண்டி தின்றிருக்கிறேன். கணக்குத் தப்பவில்லை. கணக்குப் போட்டவன்தான் தப்பு.

மறுநாள் டாக்டரிடம் போனோம். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பந்தி. பரிமாறுவது நான். கீரையில் முதல் கரண்டி அவள் தட்டில். முதல் நான்கு நாள் அவளுக்குக் கூச்சம், என் அம்மாவுக்கு ஆச்சரியம். ஐந்தாவது நாள் அம்மாவே, "அவளுக்கு இன்னும் கொஞ்சம் போடுடா" என்றாள்.

மே மாசம் பரிசோதனை. 11.7.

மாத்திரைதான் காரணம் என்றார் டாக்டர். பீட்ரூட்தான் என்று மாமி சத்தியம் பண்ணினார். மனைவியைக் கேட்டேன்.

"தெரியலீங்க. ஆனா சோறு சூடா இருக்கு."

போன வாரம் மாமி மாடிக்கு வந்து தொட்டிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நானும் போடலாம்னு இருக்கேன். எந்த ரகம் வாங்கட்டும்?"

மாமனார் தோரணையில் தொண்டையைக் கனைத்தேன். "மூணு கேள்வி மாமி. எந்த மாசம் போடப் போறேள்?"

"ஐப்பசி கடைசியில."

"தொட்டி?"

"ஒரு அடி."

"சாப்பிடப் போறது யாரு?"

"மாமாவும் பசங்களும்."

"நீங்க?"

"எனக்கென்ன... மிச்சம் இருந்தா சாப்பிட்டுக்கறேன்."

"டெட்ராய்ட் வாங்குங்கோ மாமி" என்றேன். "கூடவே ஒரு நோட்டும் வாங்கிக்கோங்கோ."