வீடு அவள் பெயரில். கையெழுத்து அவர் கையில்!

நீங்கள் குடியிருக்கும் வீட்டின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? சரி, உங்கள் பெயரில்தான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது? சாவி யாரிடம்? இந்தப் பக்கத்தைப் படிப்பதை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு யோசித்துப் பாருங்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், வல்வெட்டித்துறைக்குப் பக்கத்தில் தொண்டைமானாறு என்றொரு கடலோர ஊர் உண்டு. நீரேரி கடலோடு சேரும் இடம். செல்வச் சந்நிதி முருகன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். 'முருகன் கோயில் ஊருக்கும் நம் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். அதிலும் 1990 அக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணி நேரத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றிய காயம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அடிபடும் பெண்ணின் வலி எந்த மதத்துக்கும் சொந்தமில்லை. தவிர, அந்த ஊர் வழக்கம் நமக்கு அந்நியமானதும் அல்ல. பெண்ணுக்கு வீடு எழுதிக் கொடுத்துக் கட்டி வைப்பார்கள்; மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் காத்தான்குடியிலும் நாம் காண்பது இதுதானே!

ஆக, தொண்டைமானாற்றுப் பெண் சொத்துள்ள பெண். சீதன உறுதியில் அவள் பெயர் இருக்கிறது. பிறகென்ன குறை என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல்.

யாழ்ப்பாணத் தமிழர்களின் வழக்கங்களை 1707இல் ஒல்லாந்தர்கள் தேசவழமை என்று தொகுத்து எழுதினார்கள். ஆங்கிலேயர் காலத்தில், 1911இல், கல்யாண உரிமை, வாரிசுரிமை பற்றி யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு தனிச் சட்டம் வந்தது. மனைவியின் சீதனம் மனைவிக்கே சொந்தம் என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் காணியையும் வீட்டையும் அவள் விற்கவோ ஈடு வைக்கவோ வேண்டுமானால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று ஒரு பூட்டையும் போட்டது. கணவன் கைவிட்டுப் போனாலோ, இருக்கும் இடம் தெரியாவிட்டாலோ, நியாயமில்லாமல் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். யுத்தத்தில் கணவன் காணாமற் போன பெண்களை நினைத்துப் பாருங்கள்! தன் வீட்டை ஈடு வைக்க, தான் உயிரோடு தேடிக்கொண்டிருக்கும் மனிதனைப் பற்றி நீதிமன்றத்தில் போய் விளக்க வேண்டும். இந்த விதியை மாற்ற வேண்டும் என்று இலங்கையில் பெண்கள் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்டுப் போராடியிருக்கின்றன.

இதற்கும் வீட்டுக்குள் நடக்கும் அடிதடிக்கும் என்ன தொடர்பு? வங்கி கேட்பது ஈடு. ஈட்டுக்குத் தேவை கையெழுத்து. கையெழுத்துக்கு உரியவரோ அடிக்கிற கை! அவள் என்ன செய்வாள்? முதலில் நகையை அடகு வைப்பாள், அதற்கு யார் கையெழுத்தும் வேண்டாம். நகை தீர்ந்ததும் குழுவாகச் சேர்ந்து ஈடில்லாமல் வாங்கும் நுண்கடனுக்குப் போவாள். கிழமைக்குக் கிழமை வசூலிப்பவர் படலையில் வந்து நிற்பார். கணவனுக்குத் தெரியாமல் வாங்கிய கடன் என்றால் அன்று இரவு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் யுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 சதவீதம் வரை போவதையும், வசூலிக்க வருபவர்கள் சில பெண்களிடம் தகாத முறையில் நடக்க முயல்வதையும் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு அரசு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாகவும், வட்டி 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் அறிவித்தது. முப்பத்தைந்து சதவீதம் என்பது சலுகையாம்! வட்டியை அல்லாஹ் ஏன் அவ்வளவு கடுமையாகத் தடுத்தான் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

பெண் கையில் கடனைக் கொடுத்தால் போதும், அவள் நிமிர்ந்துவிடுவாள் என்று ஒரு காலத்தில் உலகமே நம்பியது. பங்களாதேஷின் ஜோப்ரா கிராமத்தில் 1976இல் முஹம்மது யூனுஸ் தொடங்கிய முயற்சி 1983இல் கிராமீன் வங்கியாக வளர்ந்தது. 2006இல் நோபல் பரிசும் கிடைத்தது. அங்கே நடந்த ஆய்வுகளோ ஒரே குரலில் பேசவில்லை. கடன் குழுவில் சேர்ந்த பெண்ணை நாலுபேர் தெரிந்து வைத்திருப்பதால் அவள்மீது கைவைக்கக் கணவன் தயங்குகிறான் என்றது ஒன்று. கடன் அவள் பெயரில், பணம் அவன் கையில் என்றது இன்னொன்று. இரண்டுமே 1996இல் வெளிவந்தவை; இரண்டும் உண்மையாகவே இருக்கலாம்.

ஆனால் கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நிலமோ வீடோ தன் பெயரில் இல்லாத மனைவியரில் 49 சதவீதத்தினர் கணவனிடம் அடிவாங்கியவர்கள். நிலம் மட்டும் உள்ளவர்களில் 18 சதவீதம். வீடு மட்டும் உள்ளவர்களில் 10. இரண்டும் உள்ளவர்களில் வெறும் 7! வேலைக்குப் போவது மட்டும் இந்த அளவுக்குக் காவலாக இருக்கவில்லை. காரணம் புரியாததா? 'போடி வெளியே' என்று சொல்ல முடியாத வீட்டில் கை ஓங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியிருக்கிறது. போக்கிடம் உள்ளவளைப் போக விடாமல் வைத்திருக்க நல்லபடி நடக்கவும் வேண்டியிருக்கிறது.

இனி நம் மார்க்கத்துக்கு வருவோம். ஸாபித் பின் கைஸ் (ரலி) தம் மனைவி ஹபீபா பின்த் ஸஹ்லை (ரலி) அடித்துக் காயப்படுத்தினார். அந்தப் பெண்மணி பொழுது விடிந்ததும் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். அழைத்து விசாரித்தபோது, மஹராகத் தாம் கொடுத்த இரண்டு தோட்டங்கள் இப்போது அவர் வசமே இருப்பதாக ஸாபித் சொன்னார். அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பிரிந்துவிடும்படி தீர்ப்பாயிற்று. அபூதாவூதில் வரும் அறிவிப்பு இது. 'அவர் வசமே இருக்கின்றன' என்பதைக் கவனியுங்கள். ஏட்டில் அல்ல, கையில்! அது கையில் இருந்ததால்தான் அதைக் கொடுத்துவிட்டு அவரால் வெளியேற முடிந்தது.

இப்னு மஸ்ஊதின் (ரலி) மனைவி ஸைனப் (ரலி), தம் பணத்தைக் கணவருக்குத் தர்மமாகக் கொடுக்கலாமா என்று பிலால் (ரலி) மூலம் கேட்டனுப்பினார். இரண்டு நன்மை உண்டு என்று பதில் வந்தது. மனைவியின் பணம் கணவனுக்குத் தர்மமாகலாம் என்றால், அது அவனுடையது அல்ல என்றுதானே பொருள்?

இவ்வளவு உரிமை பெற்ற நாம் நடைமுறையில் என்ன செய்கிறோம்? நிக்காஹ் பதிவேட்டில் மஹர் நூற்றியொரு ரூபாய்! அதே மேடைக்குப் பின்னால் கைக்கூலி லட்சக்கணக்கில் கைமாறுகிறது, அதை எழுதுவாரில்லை. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் கைக்கூலியைக் காதி நீதிமன்றம் மூலம் திரும்பக் கேட்க இடம் தருகிறது. பதியாத பணத்தை எதைக் காட்டிக் கேட்பது? கைக்கூலியே கூடாது என்பதுதான் சரி. கொடுத்துத் தொலைத்துவிட்டால் எழுத்திலாவது இருக்கட்டும்.

1990இல் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த நம் சகோதரிகளிடம் நகைகளும் பறிக்கப்பட்டன. காணி உறுதியின் ஒரு பிரதியாவது வைத்திருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் உரிமை கேட்க ஒரு தாள் இருந்தது. மகளுக்குப் பவுன் சேர்க்கும் தாய்மார்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இலங்கையில் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். உங்கள் பெயரில் ஒரு கணக்கு இருக்கட்டும். வட்டிக்கு அஞ்சுபவர்களுக்கு நடப்புக் கணக்கு உண்டு. இலங்கையில் 2011 முதல் அமானா வங்கியும் இருக்கிறது. ஜமாஅத்துகள் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடனைப் பெண்ணின் கையிலேயே கொடுக்கலாம். தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவில் கடனோடு, இரு வாரங்களுக்கு ஒருமுறை கூடும் கூட்டத்தில் வீட்டு வன்முறையைப் பற்றியும் பேச வைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அடிதடி பாதிக்கு மேல் குறைந்ததாக 2006இல் கணக்குச் சொன்னார்கள். நம் பெண்கள் மதரஸாவிலும் ஒரு நாள் இதைப் பேசினால் என்ன?

இனியும் பொறுக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு: இந்தியா, இலங்கை இரண்டிலும் 2005இல் குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் வந்தது. மனைவியின் பணத்தையும் நகையையும் பறிப்பதைப் பொருளாதார வன்கொடுமை என்றே இந்தியச் சட்டம் பெயரிட்டுச் சொல்கிறது. இலங்கைச் சட்டம் உடல் வன்முறையையும் மனத் துன்புறுத்தலையும் சொல்கிறது. நீதவான் 12 மாதங்கள் வரை பாதுகாப்புக் கட்டளை தரலாம், உங்கள் சார்பில் போலீசாரும் மனுச் செய்யலாம். இலங்கையில் 1938, இந்தியாவில் 181 என்ற எண்ணை அழைக்கலாம். பேசத் துணியும்போது பத்திரம், வங்கிப் புத்தகம், நிக்காஹ் பதிவின் பிரதி மூன்றையும் தாய்வீட்டிலோ நம்பிக்கையான ஒருவரிடமோ முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.